பித்தா, போதையா? இரண்டையும் கேட்க வேண்டும்

நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் திருச்சமூகத்திற்கு மாஇஸ் (ரலி) அவர்கள் வந்து, தம்மால் பெரும் பாவம் ஒன்று நேர்ந்து விட்டதாகவும், தம்மைத் தூய்மைப்படுத்த வேண்டுமென்றும் முறையிட்ட சம்பவத்தை ஆலிம்கள் பயான்களில் எடுத்துரைக்க நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அவரைத் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். அவர் திரும்பத் திரும்ப வந்தார். புரைதா (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள அறிவிப்பில், அப்போது நாயகம் (ஸல்) அவர்கள் அங்கிருந்தோரிடம் இரண்டு விஷயங்களை விசாரித்ததாக வருகிறது. இவருக்குப் பித்து ஏதும் உண்டா என்பது ஒன்று. இல்லையென்று பதில் வந்தது. இவர் மது அருந்தியிருக்கிறாரா என்பது மற்றொன்று. ஒருவர் எழுந்து போய் அவருடைய வாயை முகர்ந்து பார்த்து, மதுவாடை இல்லையென்று தெரிவித்தார்.

மதரஸாவில் ஓதிய காலத்தில் இந்த ஹதீஸை ஹுதூதுச் சட்டத்திற்கான ஓர் ஆதாரமாக மட்டுமே நாம் படித்தோம். ஒரு மனிதனின் நடத்தை மாறியிருக்கும்போது, பித்தா என்று மட்டும் கேட்டு நிறுத்தி விடாமலும், போதையா என்று மட்டும் கேட்டு முடிவு கட்டி விடாமலும், இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் விசாரித்தறியும் முறை இதில் அடங்கியிருக்கிறது என்பது அன்று நமக்குப் புலப்படவில்லை. அது புலப்பட்டது பிற்காலத்தில், நாமே செய்த ஒரு பிழையின் மூலமாகத்தான். அதை மறைக்காமல் இங்கே எழுதுகிறோம். நம்மைப் போல் இன்னொரு இமாமும், அந்தக் குடும்பத்தைப் போல் இன்னொரு குடும்பமும் அவதிப்படாதிருக்க வேண்டும் என்பதே காரணம்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் செல்லும் சாலையில் வன்னியம்பட்டி இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூரில் நமக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தின் தலைவர் குடிப்பழக்கத்திற்கு ஆளாகியிருந்தார். ஷிப்ட் வேலை பார்ப்பவர். குடி ஒரு பக்கம் என்றால், மறுபக்கம் வேறொன்றும் இருந்தது. இரவெல்லாம் உறங்க மாட்டார். அடுத்த வீட்டார் தம்மைப் பற்றியே பேசுகிறார்கள் என்பார். சுவருக்கு அப்பாலிருந்து குரல் கேட்கிறது என்பார். குடித்தால்தான் அந்தக் குரல் அடங்குகிறது என்று ஒருநாள் தம் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா அதைக் குடிகாரனின் சாக்கு என்று எண்ணிக் கொண்டார். நாமாக இருந்தாலும் அப்படித்தான் எண்ணியிருப்போம்.

முதலில் குடியை நிறுத்தும் இடமொன்றிற்கு அழைத்துப் போனார்கள். இவருக்கு மனநோய் இருக்கிறது, அதைக் குணமாக்கி விட்டு வாருங்கள் என்று அனுப்பி விட்டார்கள். மனநல மருத்துவர் ஒருவரிடம் போனார்கள். குடித்துக் கொண்டிருப்பவருக்கு மருந்து வேலை செய்யாது, முதலில் குடியை நிறுத்தி விட்டு வாருங்கள் என்று அவர் ஒரு மாதத்திற்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். இப்படி இரண்டு வாசல்களுக்கும் நடுவே பல மாதங்கள் கழிந்தன. இறுதியில் அந்த அம்மா மாத்திரைகளைக் கொண்டு வந்து நம்மிடம் காட்டி, “இதைத் தின்னா தூங்கிக்கிட்டே இருக்காரு ஹஜ்ரத், இதுவும் போதைதானே?” என்று கேட்டார்.

நாம் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. தவ்பா செய்யச் சொல்லுங்கள், தவ்பாச் செய்தவருக்கு இதெல்லாம் எதற்கு என்று சொல்லி விட்டோம். அவரும் நம் முன்னிலையில் அழுது தவ்பாச் செய்தார். அன்றே குடியையும் நிறுத்தினார், மாத்திரைகளையும் நிறுத்தினார்.

மறுநாள் அவருடைய கை நடுங்கத் தொடங்கியது. இரண்டாம் நாள் மாலை வலிப்பு வந்தது. வழக்கம்போல் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். மூன்றாம் நாள் இரவு, படுக்கையில் எறும்புகள் ஊர்வதாகக் கூவிக் கொண்டு, ஆளில்லாத மூலையைப் பார்த்துப் பேசத் தொடங்கி விட்டார். ஜின் இறங்கி விட்டது என்று உறவினர் கூறி, ஓதிப் பார்க்க நம்மை அழைத்தார்கள். நாமும் போய் உட்கார்ந்து ஓதிக் கொண்டிருந்தோம். கூட்டத்திலிருந்த ஒரு பெரியவர், கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்து விட்டு, “அனலாக் கொதிக்குது ஹஜ்ரத். குடியைத் திடீர்னு விட்டா இப்படி வரும். வண்டியைக் கூப்பிடுங்க” என்றார். 108 வண்டி வந்தது. அல்லாஹ்வின் அருளால் அவர் பிழைத்துக் கொண்டார். இன்னும் சில மணி நேரம் நாம் ஓதிக் கொண்டே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைப் பின்னர் மருத்துவர் நம்மிடம் மறைக்காமலே சொன்னார்.

ஓதுவது தவறென்று நாம் சொல்ல வரவில்லை. ஓதுவதற்குரிய இடமும் மருந்திற்குரிய இடமும் நமக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதையே சொல்கிறோம். தாரிக் இப்னு ஸுவைத் (ரலி) அவர்கள் மதுவை மருந்தாகப் பயன்படுத்தலாமா என வினவியபோது, அது மருந்தன்று, நோயே என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். இதுவும் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. மதுவை மருந்தாக்கத் தடை விதிக்க இந்த ஹதீஸை எடுத்துக் காட்டும் நாம், அதிலே மதுவுக்கு நோய் என்று பெயர் சூட்டப்பட்டிருப்பதைக் கவனிக்காமலே கடந்து விடுகிறோம். மூப்பு ஒன்றைத் தவிர மற்றெல்லா நோய்க்கும் அல்லாஹு தஆலா மருந்தை வைத்திருப்பதாகவும், ஆகவே மருத்துவம் செய்து கொள்ளுமாறும் உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூத், திர்மிதீ ஆகிய கிதாபுகளில் இருக்கிறது. குடி ஹராம் என்பதில் யாருக்கும் இரண்டாம் கருத்தில்லை. ஹராமான செயல் நோயாகவும் ஆகி விடுவதுண்டு. பாவத்திற்குத் தவ்பா, நோய்க்கு மருந்து. ஒன்றைச் செய்தவர் மற்றதை விட்டு விடலாம் என்று எந்தக் கிதாபிலும் இல்லை.

நம் ஃபுகஹாக்கள் இவ்விஷயத்தில் நம்மை விட நுட்பமாகவே பார்த்திருக்கிறார்கள். மஜ்னூன் என்னும் பித்தர் வேறு, மஃதூஹ் என்னும் புத்தி மட்டுப்பட்டவர் வேறு, ஸக்ரான் என்னும் போதையிலிருப்பவர் வேறு என்று பிரித்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி மஸ்அலாக்களை எழுதி வைத்தார்கள். ஹனஃபி மத்ஹபின்படி, பித்து ஓர் இரவு பகலைத் தாண்டி நீடித்து விட்டால் அக்காலத் தொழுகைகள் கடமையிலிருந்து நீங்கி விடுகின்றன. தானே குடித்துப் போதையேற்றிக் கொண்டவருக்கோ அந்தச் சலுகை இல்லை. தெளிந்த பின் களாச் செய்தே ஆக வேண்டும். மருந்துக்காகப் பன்ஜ் என்னும் மயக்க மூலிகையை உட்கொண்டு புத்தி மயங்கியவரையும், மதுவருந்திப் புத்தி மயங்கியவரையும் தலாக் மஸ்அலாவில் ஒரே தராசில் நிறுக்கக் கூடாதென்றும் அவர்கள் எழுதினார்கள். மருந்தாக மருத்துவர் அளந்து கொடுப்பது ஒன்று. போதைக்காக மனிதன் தானே ஊற்றிக் கொள்வது வேறொன்று. அந்த அம்மா நம்மிடம் கேட்ட கேள்விக்குப் பதில் நம் அலமாரியிலிருந்த கிதாபிலேயே இருந்தது. நாம்தான் புரட்டிப் பார்க்கவில்லை.

இது ஃபுகஹாக்களோடு நின்று விடவுமில்லை. ஹிஜ்ரி 322-ல் (கி.பி. 934) மறைந்த அபூஸைத் அல்பல்கீ அவர்கள் உடலின் நோயையும் உள்ளத்தின் நோயையும் ஒரே நூலின் இரு பகுதிகளாக வைத்து எழுதினார். காரணம் தெரிந்த துக்கத்தையும், காரணமேதும் தெரியாமல் உடலின் கோளாறால் எழும் துக்கத்தையும் பிரித்தறிய வேண்டும் என்றார். 1154-ல் நூருத்தீன் ஸங்கீ டமாஸ்கஸில் நிறுவிய மாரிஸ்தானிலும், 1284-ல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் நிறுவியதிலும் புத்தி பேதலித்தோர் மற்ற நோயாளிகளோடு ஒரே கூரையின் கீழ் வைத்தியம் பெற்றார்கள். அத்தகைய பாரம்பரியத்தின் வாரிசுகளாகிய நம்மிடையே, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி விடியற்காலையில் என்ன நடந்தது? தர்கா ஊரென்று நம்பி உறவினர் கொண்டு வந்து விட்டுச் சென்ற மனநோயாளிகள் ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். தீப்பிடித்தபோது அவர்களால் ஓட இயலவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பின்புதான் அங்கே அரசு மருத்துவர்கள் வந்து அமரும் ஏற்பாடுகள் பெருகின. துஆவும் வேண்டும், தவாவும் வேண்டும் என்ற பெயரிலேயே ஒரு திட்டம் நடைபெறலாயிற்று. 2018 மே மாதம் முதல் அமலில் உள்ள 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாதென்று தடுக்கிறது. அதே சட்டம் மது, போதைப் பொருள்களால் உண்டாகும் மனக்கோளாறுகளையும் மனநோய் என்ற சொல்லுக்குள் சேர்த்திருக்கிறது. குடிப்பவனுக்கு மனநல வைத்தியம் உரிமையில்லை என்று எந்த அரசு மருத்துவமனையும் திருப்பியனுப்ப இடமில்லாமற் போயிற்று.

இனி, நம் வன்னியம்பட்டிச் சகோதரருக்குப் பிறகு நடந்ததற்கு வருவோம். ஆபத்துக் கட்டம் தாண்டும் வரை சில நாட்கள் மருத்துவமனையில் இருந்தார். பின்னர் இரண்டு நோய்க்கும் ஒரே மருத்துவரிடம், வீட்டிலிருந்தபடியே, ஓ.பி. சீட்டு எழுதி வாங்கிக் காட்டி வருமாறு ஏற்பாடாயிற்று. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் வைத்தியம் என்று நம் மக்களுக்கு ஓர் எண்ணமுண்டு. உண்மையில் பெரும்பாலோருக்குப் புற நோயாளியாக வந்து போவதே போதுமானதாக இருக்கிறது. கூலி இழப்பு குறைவு. ஊரார் கண்ணில் படுவதும் குறைவு. அதோடு, எந்த வீட்டில், எந்தத் தெருவில் அவன் குடியை விட்டு வாழ வேண்டுமோ அங்கே இருந்தபடியே அதைப் பழகிக் கொள்கிறான்.

ஆனால், எல்லாரும் வீட்டிலிருந்தே நிறுத்தி விட முடியாது. நாம் விலை கொடுத்துக் கற்ற பாடமாகையால் இதைச் சற்று விரித்தே எழுதுகிறோம். பல்லாண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், சுமார் ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரையிலான காலத்தில் காய்ச்சலும், குழப்பமும், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவதும் உண்டானால் அது உயிருக்கே ஆபத்தான நிலை. நம் வீடுகளில் ஜின் என்றும் பேய்க் கோளாறு என்றும் கருதப்படுவதில் ஒரு பகுதி இதுவே. ஆகவே முன்பு ஒருமுறை வலிப்பு வந்தவர், ஈரல் முதலிய உறுப்புகள் கெட்டவர், உயிரை மாய்த்துக் கொள்வதாகப் பேசுபவர், வீட்டில் கவனிக்க ஆளில்லாதவர், குரல் கேட்டு அதன்படி நடக்கத் தொடங்கியவர் ஆகியோரை முதல் ஒரு வாரம் மருத்துவமனையிலேயே வைத்துக் கொள்ளச் சொல்வார்கள். மறுக்கக் கூடாது. மற்றவர்களுக்கு, நடுக்கத்தை அடக்கும் மாத்திரையை முதல் நாள் கூடுதலாகத் தொடங்கி, நாளுக்கு நாள் குறைத்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் நிறுத்தி விடுவார்கள். பி-1 என்னும் வைட்டமின் ஊசியும் போடுவார்கள். குடியினால் உடலில் அது வற்றிப் போனால் மூளையே பாதிக்கப்படும். அந்த மாத்திரையையே பிடித்துக் கொண்டு விடாமல் சாப்பிடுவதும் ஒரு பழக்கமாகி விடும் என்பதால், மாத்திரை மனைவியின் கையிலோ தாயின் கையிலோ இருப்பது நல்லது.

அடுத்ததாக மருத்துவர் நெடுநேரம் கேட்கும் கேள்விகள் உண்டு. குடி முதலில் வந்ததா, மனக்குறை முதலில் வந்ததா? குடிக்காமலிருந்த ரமளான் மாதங்களில் எப்படியிருந்தார்? தகப்பன் வழியிலோ தாய் வழியிலோ யாருக்கேனும் பித்தோ, தற்கொலையோ உண்டா? குடும்பத்தார் இவற்றை வெட்கத்தினால் மறைக்கிறார்கள். மறைத்தால் நஷ்டம் நோயாளிக்கே. குடியினால் மட்டும் உண்டான சோர்வாக இருந்தால், குடியை விட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தானே நீங்கி விடுகிறது. குடிக்கு முன்பே இருந்த நோயாயின், குடியை விட்ட பின்பும் அது அப்படியே நிற்கும். சில சமயம் முன்னை விட அதிகமாகத் தெரியும். நம் சகோதரர் குரலை அடக்கக் குடித்தவர் என்பது இந்த விசாரணையில்தான் வெளிப்பட்டது. அவர் மனைவியிடம் ஆண்டுகளுக்கு முன்பே சொன்ன அதே வார்த்தை! குரலுக்கு மருந்து கொடாமல் குடியை மட்டும் பிடுங்கியிருந்தால் அவர் எத்தனை நாள் தாங்கியிருப்பார்?

ஒன்று முடிந்த பின் மற்றொன்று என்ற பழைய முறையை மருத்துவ உலகமே மெல்ல மெல்லத்தான் கைவிட்டது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தில் 1980, 90-களில் இரண்டையும் ஒரே குழுவினர் சேர்த்துப் பார்க்கும் வைத்திய முறை உருவாகி, அங்கிருந்து பரவியது. நம் தமிழகத்தில் 1980-ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் பெயரால் ஒரு மருத்துவ நிலையம் தொடங்கப்பட்டது. கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் அதை நிறுவினார். பின்னர் அந்நிலையத்தார் தஞ்சைச் சீமையிலுள்ள மஞ்சக்குடி கிராமத்திற்கே போய், ஊர்ப் பெரியவர்களையும் சேர்த்துக் கொண்டு சிகிச்சை முகாம் நடத்தினார்கள். ஊர்ப் பெரியவர்களைச் சேர்த்துக் கொண்டார்கள் என்பதை நம் ஜமாஅத் நிர்வாகிகள் ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும்.

இன்று வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட கிழமைகளில் வருகிறார்கள். எந்தக் கிழமையென்று அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கேட்டுக் கொள்ளலாம். விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மதுரையில் அரசு இராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. 1992 முதல் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் மனநலப் பணி செய்து வருகிறது. வீட்டிலிருந்தே கேட்க விரும்புவோர் மனநலத்திற்கு 14416 என்ற எண்ணிலும், போதை மீட்புக்கு 14446 என்ற எண்ணிலும் கட்டணமின்றித் தொலைபேசலாம். பெயரை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு இருந்தும், மத்திய அரசுக்காக டெல்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தார் நடத்தி 2019-ல் வெளியிட்ட கணக்கின்படி, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றிருக்கிறார். நம் சமுதாயத்தில் வெட்கம் அதிகம் என்பதால் நம் கணக்கு இதைவிட மேலாக இருக்குமென்று நமக்குத் தோன்றவில்லை. முஸ்லிம் வீட்டில் குடியா என்று ஊர் கேட்குமே என்ற அச்சத்தில் நாம் நோயை மூடி வைக்கிறோம்.

வீட்டிலுள்ள தாய்மார்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். குடியை மறக்கடிக்கும் மருந்து, சோற்றில் கலந்து கொடுத்தால் போதும், அவருக்கே தெரியாது என்று விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். டைசல்ஃபிராம் என்றொரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, சிலருக்கு இரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். நோயாளி தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் சோதித்த பின்பே அதைக் கொடுக்க வேண்டும். குரல் கேட்கும் நோயுள்ளவருக்கு அது நோயை அதிகப்படுத்தவும் கூடும் என்பதால் மருத்துவர்களே தயங்குவார்கள். இன்னொருவருக்குத் தெரியாமல் அவர் உணவில் மருந்து கலப்பது ஷரீஅத்தின் பார்வையிலும் ஏமாற்று. அந்த மாத்திரை சாப்பிடுபவர் ஸ்பிரிட் கலந்த இருமல் மருந்து, செண்ட் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். ஜும்ஆவுக்கு வந்தவரின் சட்டையில் அன்பாகச் செண்டைப் பீய்ச்சி விடும் நம் பெரியவர்கள் இதைத் தெரிந்து கொள்வது நல்லது.

அவர் மறுபடியும் குடித்து விட்டு வந்தால்? வருவார். நூற்றுக்கு நூறு பேர் முதல் தடவையே விட்டு விடுவார்கள் என்று எந்த மருத்துவரும் வாக்களிப்பதில்லை. அன்றைய தினம் மாத்திரையைக் கொடுப்பதா, நிறுத்துவதா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். உறக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சே நின்று விடலாம். ஆனால் மனநோய்க்கான மாத்திரையைக் குடித்து விட்டாரே என்ற கோபத்தில் வாரக்கணக்கில் நிறுத்தி விட்டால், பழைய நோய் முழு வேகத்தில் திரும்பி விடும். உயிரை விடுகிறேன் என்று அவர் சொன்னால், குடிகாரன் பேச்சு என்று தள்ளி விடாதீர்கள். இரண்டு நோயும் சேர்ந்தவர்களிடம் இந்த ஆபத்து அதிகம். வயலுக்கு வைத்திருக்கும் பூச்சி மருந்தை வீட்டை விட்டு அகற்றுங்கள். போலீஸ் கேஸ் ஆகி விடுமோ என்று அஞ்சி மறைக்கவும் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்காமல் அவருக்கு வைத்தியம் கிடைக்கச் செய்யவே மேலே சொன்ன சட்டம் வழி வகுக்கிறது. அவர் கை ஓங்கினால் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு தாய்வீடோ அண்டை வீடோ போய் விடுவதில் தவறில்லை. பொறுமை என்பதற்கு அடி வாங்கிக் கொண்டிருப்பது என்று பொருளல்ல.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அப்துல்லாஹ் என்றொருவர் இருந்தார். ஹிமார் என்று அவரைப் பட்டப்பெயரால் அழைப்பார்கள். பெருமானாரைச் சிரிக்க வைப்பவர். மது அருந்தியதற்காகத் தண்டனை பெற்றவர். பெற்ற பின்னும் மறுபடி அதே குற்றத்திற்காகக் கொண்டு வரப்பட்டவர். எத்தனை தடவைதான் கொண்டு வரப்படுவான் என்று சொல்லி ஒருவர் அவரைச் சபித்தார். நாயகம் (ஸல்) அவர்கள் சபித்தவரைத் தடுத்து, அந்த மனிதர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள். ஸஹீஹ் புகாரீயில் ஹுதூதுப் பாடத்தில் இது இருக்கிறது. மது குடித்த இன்னொருவரை இழிவுபடுத்தியோரிடம், உங்கள் சகோதரனுக்கெதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்னும் கருத்தில் எச்சரித்ததும் அங்கேயே வருகிறது. தண்டனையும் நடந்தது, சபையிலிருந்து அவரை விலக்கவும் இல்லை. நம் பள்ளிகளிலோ, குடிப்பவன் என்று தெரிந்தவன் ஸஃப்பில் வந்து நின்றால் பக்கத்திலிருப்பவர் நகர்ந்து கொள்கிறார். போதையில் இருக்கும்போது தொழுகையை நெருங்கக் கூடாது என்று ஸூரத்துன் னிஸாவில் (4:43) தடை இருக்கிறது. தெளிந்து வருபவனுக்குத் தடை எங்கே இருக்கிறது?

நம் சகோதரர் இப்போது மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்த்து வருகிறார். இடையில் இருமுறை குடித்தார். இருமுறையும் மருத்துவரிடம் போய் உண்மையைச் சொன்னார். ஷிப்டு முடிந்து மதுக்கடை இருக்கும் வழியே வர வேண்டியிருந்ததால், மச்சான் முறையுள்ள ஒருவர் எதிரே போய்ச் சைக்கிளில் கூட்டி வருவது என்று ஏற்பாடு செய்து கொண்டார்கள். ஆலோசனை சொல்பவர் கற்றுக் கொடுத்த முறைகளில் இதுவும் ஒன்று. குடிக்கத் தோன்றும் வேளை எது, இடம் எது, கூட்டாளி யார் என்று எழுதி வைத்து, ஒவ்வொன்றுக்கும் மாற்று வழி காண்பது. அந்தத் தோன்றல் பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் தணிந்து விடுமாம். அந்த அரை மணியை எப்படிக் கடத்துவது என்பதே கேள்வி. அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரமே தமக்குக் கடினம் என்று அவர் சொன்னதால், அந்த நேரத்தில் பள்ளியில் ஹவுளுக்குத் தண்ணீர் நிரப்பும் பொறுப்பை அவரிடம் கொடுத்தோம்.

சென்ற ரமளானுக்கு முந்திய ஷஃபானில் அந்த அம்மா மறுபடியும் ஒரு கேள்வியோடு வந்தார். “மூணு வேளை மாத்திரை ஹஜ்ரத், நோன்பு எப்படி?” இம்முறை நாம் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. நோயாளிக்கு நோன்பை விட அனுமதி இருப்பதும், பிறகு எண்ணி நிறைவேற்ற வேண்டியதும் ஸூரத்துல் பகராவில் (2:184-185) உள்ள சட்டம். நோன்பினால் நோய் கூடுமா என்பதை அனுபவத்தாலோ திறமையான மருத்துவர் சொல்லாலோ அறிய வேண்டும் என்பது கிதாபுகளில் உள்ளது. ஆகவே மருத்துவரைக் கேட்டு வரச் சொன்னோம். மூன்று வேளையை இஃப்தாருக்கும் ஸஹருக்குமாக இரண்டு வேளையாக்கி அவர் எழுதிக் கொடுத்தார். லித்தியம் என்ற உப்பு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் இப்படி எளிதாக மாற்ற முடியாது, பகலில் தண்ணீர் குடிக்காவிட்டால் அதன் அளவு இரத்தத்தில் ஏறி விஷமாகி விடும், அத்தகையவர் முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை செய்து கேட்டுக் கொண்டே நோன்பைப் பற்றி முடிவெடுக்க வேண்டும் என்றும் சொல்லியனுப்பினார். இதை அந்த ஷஃபான் மாதக் கடைசி ஜும்ஆவிலேயே அறிவித்தோம். தொழுகை முடிந்த பின் மூன்று பேர், தனித்தனியே, எல்லாரும் போகும் வரை காத்திருந்து வந்து, அந்த மருத்துவர் எந்தக் கிழமை வருவார் என்று நம்மிடம் கேட்டுப் போனார்கள்.